வருமானமில்லாத கிராமத்துக் கோயில்: திருப்பணிக்குப் பணம் எந்த வழியில் வரும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: காவிரிப் படுகையில் ஒரு சிற்றூர். கல்வெட்டுள்ள பழைய சிவன் கோயில். அறநிலையத் துறைப் பட்டியலில் இருக்கிறது, வருமானம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. விமானத்தில் அரசங்கன்று வேர்விட்டுவிட்டது, மகாமண்டபம் ஒழுகுகிறது. உள்ளூர் ஒப்பந்தக்காரர் 45 லட்சம் கேட்கிறார். ஊரில் சேர்ந்தது 6 லட்சம், சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் கொஞ்சம் தருவதாகச் சொல்கிறார்கள். மீதிக்கு அரசு உதவி கிடைக்குமா, யாரிடம் மனு கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தால் 39 லட்சத்துக்கு வழி கேட்பதுபோல் இருக்கிறது. ஆனால் இந்தக் கோயிலின் பெயரில் யார் பணம் வாங்கலாம், அந்தக் கட்டடத்தில் யார் கைவைக்கலாம் என்பதுதான் முதலில் தீர வேண்டிய விஷயம். அது தீர்ந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது பாதி தெரிந்துவிடும். தீராமல் பணம் திரட்டினால், திரட்டிய பணமே வழக்காக முடியலாம்.

பழைய கோயில் ஒன்று சட்டப்படி நான்கில் ஒரு நிலையில் இருக்கும். 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கலாம். 1966 ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கலாம். 1959 ஆம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி துறையின் நிர்வாகத்தில் இருக்கலாம். எதிலும் சேராமல் ஊராரோ பங்காளிகளோ பார்த்துக்கொள்வதாகவும் இருக்கலாம். முதல் வகையில் பூசை ஒருவர் கையிலும் கட்டடம் இன்னொருவர் கையிலும் இருப்பது சகஜம். அங்கே ஊர்க்குழு ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. உங்கள் கோயில் பட்டியலில் இருக்கிறது என்கிறீர்களே தவிர, தொல்லியல் துறையின் நீலப் பலகை ஏதும் இருக்கிறதா என்று எழுதவில்லை. முதல் வேலையாக அதைப் பாருங்கள். இல்லை என்று வைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

அறநிலையச் சட்டம் கோயில்களை வருமானத்தை வைத்துப் பிரிக்கிறது. ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்குக் கீழ் என்றால் 49(1) பிரிவு. 10,000 முதல் 2 லட்சத்துக்குள் 46(1), 2 லட்சம் முதல் 10 லட்சத்துக்குள் 46(2), அதற்கு மேல் 46(3). தமிழ்நாட்டின் பட்டியலில் உள்ள கோயில்களில் மிகப் பெரும்பாலானவை 49(1). உங்களுடையதும் அதில்தான் இருக்கும். இப்படிப்பட்ட கோயிலுக்குத் தனியாகச் செயல் அலுவலர் இருக்கமாட்டார். அறங்காவலரோ, அறங்காவலர் இல்லாதபோது துறை நியமிக்கும் தக்காரோ இருப்பார், பல கோயில்களுக்கு ஒரே தக்கார் இருப்பதும் உண்டு. அவரும் அறநிலையத் துறையின் உங்கள் சரக ஆய்வரும்தான் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியவர்கள். மனுவை நேராக ஆணையருக்கோ அமைச்சருக்கோ அனுப்பினாலும் அது சுற்றிவந்து அதே ஆய்வரின் மேசையில்தான் 'அறிக்கை தருக' என்ற குறிப்போடு விழும்.

இனி அரசுப் பணம். கிராமப்புறக் கோயில்களுக்கு ஒரு திட்டமும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதிக் கோயில்களுக்கு ஒரு திட்டமுமாகத் திருப்பணி நிதியுதவி உண்டு. 2021-22 இல் ஒரு கோயிலுக்கு 1 லட்சம் என்பதை 2 லட்சமாக உயர்த்தினார்கள். தொகையும் கோயில் எண்ணிக்கையும் சட்டமன்ற மானியக் கோரிக்கை அறிவிப்பைப் பொறுத்து மாறும், ஆகவே அந்த ஆண்டின் கணக்கை உதவி ஆணையர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் உறுதி: இந்தப் பணம் 45 லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது. இரண்டாவது, அறநிலையச் சட்டத்தின் 97 ஆம் பிரிவின்படி உள்ள பொதுநல நிதி. வசதியுள்ள கோயில்களின் பங்களிப்பிலிருந்து வசதியில்லாத கோயில்களுக்குக் கொடுப்பது. மூன்றாவது, 36 ஆம் பிரிவின்படி ஒரு பெரிய கோயிலின் உபரியிலிருந்து ஆணையர் அனுமதியோடு பெறுவது. நான்காவது, ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கோயில்களுக்காக 2022-23 முதல் அரசு தனியாக ஒதுக்கத் தொடங்கிய நிதி, அந்த முதல் ஆண்டில் 100 கோடி. உங்கள் கோயிலின் வயதை நிறுவ முடிந்தால் பெரிய தொகைக்கு வாய்ப்புள்ள வழி இதுதான். கிடைத்தே தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒருகாலப் பூசைத் திட்டத்தையும் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அதில் கோயில் பெயரில் வைப்புநிதி போட்டு, வட்டியில் அன்றாடப் பூசை நடக்கும். 2021-22 இல் அதையும் 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக்கினார்கள். அந்த முதலை எடுத்து மேல்தளம் போட முடியாது, கேட்கவும் வேண்டாம். நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதியும் அப்படித்தான்: வழிபாட்டுத் தலங்களுக்குள் பணி செய்ய அதன் விதிமுறைகளே இடம் தருவதில்லை. தேர்தல் நேரத்தில் வாக்குறுதி கொடுப்பார்கள். கோயிலுக்குப் போகும் பொதுச்சாலை வேண்டுமானால் வரும், கோயிலுக்குள் வராது.

வயதை நிறுவுவது எப்படி? 'சோழர் காலம்' என்று மனுவில் எழுதினால் போதாது. மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1887 முதல் படியெடுத்த கல்வெட்டுகளை ஆண்டறிக்கைகளில் ஊர்வாரியாகப் பட்டியலிட்டிருக்கிறது. உங்கள் ஊர் பழைய வட்டப் பிரிவின்படி வேறு வட்டத்தின் கீழ் இருக்கலாம், ஊர்ப்பெயரின் பழைய எழுத்துமுறையும் வேறாக இருக்கும். பொறுமையாகத் தேடினால் '1925 ஆம் ஆண்டின் இத்தனையாவது எண்' என்பதுபோல ஒரு பதிவு கிடைக்கலாம். அந்த எண்ணும், அரசன் பெயரும், ஆட்சியாண்டும் மனுவின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். பதிவு கிடைக்காவிட்டால் மாவட்டத் தொல்லியல் அலுவலரிடம் ஆய்வுக்கு மனு கொடுங்கள். அதுவரை யாரும் கல்வெட்டின் மேல் மாவு தேய்த்துப் படம் எடுக்க வேண்டாம். சாய்ந்த வெயிலில், காலையிலோ மாலையிலோ எடுத்தாலே எழுத்து தெளிவாகத் தெரியும்.

பணம் கையில் இருந்தாலும் வேலையை நினைத்த நாளில் தொடங்க முடியாது. துறைக் கோயிலில் திருப்பணி என்றால் மண்டல வல்லுநர் குழு, பிறகு மாநில வல்லுநர் குழு என்று கருத்துரு (பணிக்கான முன்மொழிவு) ஏறும். தொல்லியல், கட்டடப் பொறியியல், ஆகமம், ஸ்தபதி என்று பல துறை ஆட்கள் அந்தக் குழுக்களில் இருப்பார்கள். பழைய கோயில்களை இடித்துப் புதிதாகக் கட்டியதன் மேல் வந்த வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தக் கண்காணிப்பை இறுக்கியது. 2021 ஜூனில் வந்த தீர்ப்பில் மட்டும் 75 கட்டளைகள். இது இழுவைதான். ஆனால் இந்த அனுமதி இருந்தால்தான் பெரிய நன்கொடையாளர் உங்களை நம்புவார். கருத்துரு திரும்பிவரக் காரணம் பெரும்பாலும் பணப் பற்றாக்குறையாக இருக்காது. எல்லாப் பக்கமும் எடுத்த புகைப்படம் இல்லை, அளவு வரைபடம் இல்லை, மதிப்பீட்டில் பணிவாரிப் பிரிப்பு இல்லை. இந்த மூன்றையும் முதலிலேயே சரியாகக் கொடுத்தால் பல மாதம் மிச்சம்.

அந்த 45 லட்சத்துக்கு வருவோம். அதைப் பார்க்காமல் சரி, தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் இப்படி மொத்தமாக வரும் மதிப்பீடுகளில் பெரும்பாலும் புது மதில், தரைக்கு கிரானைட், விமானத்துக்கு வண்ணம், வாசலுக்கு வளைவு எல்லாம் ஏறியிருக்கும். மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். தண்ணீரைத் தடுக்கும் வேலை முதலாவது: மரம், மேல்தளம், தூம்பு (தளத்து நீர் வெளியேறும் வழி), சுற்றிலும் வடிகால். விரிந்த கல்லையும் சரிந்த சுவரையும் நிலைநிறுத்துவது இரண்டாவது. மற்றதெல்லாம் மூன்றாவது. கோயில் இடிந்துவிடுமா நிற்குமா என்பதை முடிவு செய்வது முதல் பகுதிதான். மூன்றில் செலவு குறைந்ததும் பெரும்பாலும் அதுதான், ஊர்ப் பணத்துக்கு எட்டக்கூடியது.

உதாரணத்துக்கு 20 அடிக்கு 20 அடி மகாமண்டபம் என்று வைத்துக்கொள்வோம், 400 சதுர அடி. ஒழுகுகிறது என்றதும் மேலேயே 4 அங்குலம் சிமென்ட் கான்கிரீட் போட்டுவிடுவார்கள். அது சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ, இந்த மண்டபத்துக்கு 9 டன்னுக்கு மேல் கூடுதல் சுமை. கல் உத்திரம் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. முன்னறிவிப்பு அதிகமில்லாமல் நடுவில் விரிந்துவிடும். தவிர, சிமென்ட் கீழே உள்ள பழைய சுண்ணாம்பின் ஈரத்தை அடைத்துவைக்கும், உப்பு பூக்கும், சில வருடத்தில் விரிசல் விட்டுத் திரும்ப ஒழுகும். சரியான முறை, பழைய தளங்களைக் கல் வரை கொத்தி எடுத்து, கூரையாகப் பரப்பிய பாவுகற்களின் இடைவெளியைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் போடுவது. பொதுப்பணித் துறையில் பழகிய விகிதம், மணல் சேர்க்காமல், ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு. தண்ணீர் ஓட 60 அடிக்கு 1 அடி சரிவு, அதாவது 20 அடிக்கு 4 அங்குல இறக்கம். ஒரு முனையில் 7 அங்குலம், தூம்புப் பக்கம் 3 அங்குலம், சராசரி 5 என்றால் சுமார் 167 கன அடி தளம். தட்டும்போது அமுங்கும் என்பதால் ஜல்லி 200 கன அடியும் சுண்ணாம்பு 78 கன அடியும் கணக்கில் வையுங்கள். அதன்மேல் பதிக்கத் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) 400 சதுர அடி.

சுண்ணாம்பை நீற்றிச் சலித்து இரண்டு வாரமாவது ஊறவைக்க வேண்டும். கடுக்காய், வெல்லம் ஊறிய நீரைச் சேர்ப்பது வழக்கம். தளத்தைக் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். அடைமழையில் இந்த வேலை ஆகாது. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை வீண், தை பிறந்து தொடங்கிச் சித்திரைக்குள் முடிப்பதுதான் நல்லது. நிதி ஒதுக்கீடு மழைக்காலத்தில் வந்தால் அவசரப்பட்டுத் தளம் போடாமல் சாமான் சேகரிப்பில் செலவிடுங்கள். அரசங்கன்றையும் கயிறு கட்டி இழுக்கச் சொல்லாதீர்கள், கன்றோடு விமானத்தின் கல்லும் வரும். அடியோடு வெட்டி, தண்டில் துளையிட்டுக் களைக்கொல்லி விட்டு, வேர் செத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, குழியைச் சுண்ணாம்புக் கலவையால் நிரப்ப வேண்டும். கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று மணல் பீச்சும் இயந்திரத்தோடு யாராவது வந்தால் உள்ளே விடவேண்டாம். துறையே அதற்குத் தடை போட்டிருக்கிறது, கல்வெட்டு எழுத்து அதில் மழுங்கிப்போகும்.

ஊர்ப் பணத்துக்கு நம் ஊர்களில் ஏற்கெனவே நல்ல ஏற்பாடு இருக்கிறது: தலைக்கட்டு வரி. ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்து குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடுவது. ஆனால் துறைக் கோயிலுக்காக நன்கொடை நோட்டு அடித்து வசூலிப்பதற்கு முன்பு, திருப்பணிக் குழுவுக்கு எழுத்துமூல அனுமதி வாங்கிவிடுங்கள். பணம் கோயில் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் விழ வேண்டும், ரசீது கோயிலின் ரசீதாக இருக்க வேண்டும். தனிப்பட்டவர் கூகுள்பே எண்ணைக் குழுவில் பகிர்ந்து வாங்கிய பணம் பின்னால் ஊரையே இரண்டாக்கும். இப்போது உங்களிடம் உள்ள 6 லட்சம் எவர் கணக்கில் இருக்கிறது என்பதை இந்த வாரமே சரி செய்யுங்கள். பெரிய தொகை தருபவருக்கு இன்னொரு வழி உண்டு: பணமாகக் கொடுக்காமல், மகாமண்டபத் தளம் முழுவதும் என் பொறுப்பு என்று உபயமாக ஏற்று, துறைப் பொறியாளரின் மேற்பார்வையில் தானே செய்து முடிப்பது. பணம் எங்கே போயிற்று என்ற சந்தேகம் உள்ளவர்களுக்கு இது பிடிக்கும்.

சிங்கப்பூர்ப் பணத்தில் மிகவும் கவனம் தேவை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டால் போதும். அவரே சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டால், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும், 2010 ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் பொருந்தும். பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. பதிவுக்கு அமைப்பு மூன்று ஆண்டுகளாவது இயங்கி, அந்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சமாவது செலவு செய்திருக்க வேண்டும். புதிதாகத் தொடங்கிய திருப்பணிக் குழுவுக்கு அது எட்டாது. குறிப்பிட்ட நன்கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலை என்று முன் அனுமதி கேட்கலாம். அப்படி வரும் பணமும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் வர வேண்டும். "மாமா அக்கவுண்டுக்குப் போட்டுவிடுகிறேன், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். மாட்டிக்கொள்வது மாமாவும் நீங்களும்தான்.

உள்நாட்டு நன்கொடையாளர்கள் முதலில் கேட்பது "80ஜி உண்டா?" 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் அந்த எண்ணால் அறியப்பட்ட, நன்கொடை கொடுப்பவருக்கான வரிச்சலுகை, கோயில் புதுப்பிப்புக்கு எல்லா இடத்திலும் கிடைத்துவிடாது. வரலாற்று, கலைச் சிறப்புள்ளது அல்லது மாநிலம் முழுக்கப் புகழ்பெற்றது என்று மத்திய அரசு அரசிதழில் அறிவித்த தலமாக இருக்க வேண்டும். சிறிய கிராமத்துக் கோயில்களில் இந்த அறிவிப்பு இருப்பது அபூர்வம். நீங்களே ஓர் அறக்கட்டளை தொடங்கிப் பொதுவான 80ஜி வாங்கினாலும், வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் மதச் செலவு செய்தால் சலுகை போய்விடும். ஆகவே வரிச்சலுகை உண்டு என்று அழைப்பிதழில் அச்சிட்டு வைக்காதீர்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி வேறு. 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களைச் சீரமைப்பது அனுமதிக்கப்பட்ட பணி. ஆனால் நிறுவனம் வேறோர் அமைப்பின் வழியாக அந்தப் பணியைச் செய்வதானால், 2021 முதல் அந்த அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவுசெய்ததாக இருக்க வேண்டும். பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பில் அனுபவமுள்ள ஒரு பதிவுபெற்ற அமைப்போடு சேர்ந்து போங்கள். விண்ணப்பத்தில் கும்பாபிஷேகத்தைப் பற்றி எழுதாமல் கல்வெட்டையும் கட்டடத்தையும் பற்றி எழுதுங்கள்.

இன்னொரு பணம் உங்கள் கண்ணெதிரிலேயே இருக்கலாம். டெல்டாவில் நிலமே இல்லாத பழைய சிவன் கோயில் குறைவு. அறநிலையச் சட்டத்தின் 29 ஆம் பிரிவின்படி உள்ள சொத்துப் பதிவேட்டின் நகலையும், சர்வே எண்வாரியாக நில விவரம் உள்ள வருவாய்த் துறையின் அ-பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சுவாமி பெயரில் உள்ள சர்வே எண்கள், இப்போது யார் உழுகிறார், குத்தகை எவ்வளவு, எத்தனை வருடப் பாக்கி என்று ஓர் அட்டவணை போட்டால் பல ஊர்களில் பாக்கியே லட்சக்கணக்கில் நிற்கும். வசூலிக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை, கோயில் நிர்வாகத்துக்குத்தான் உண்டு. அந்த அட்டவணையோடு மனு கொடுத்தால் தட்டிக்கழிப்பது கடினம். பாக்கிதாரர் உங்கள் குழுவிலேயே இருக்கக்கூடும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பாலாலயம். மூலவரின் சக்தியைக் கலசத்துக்கோ பலகைக்கோ மாற்றிவைத்துவிட்டு வேலை தொடங்குவார்கள். பணம் பாதியில் நின்றுபோய், வருடக்கணக்கில் பாலாலயத்திலேயே கிடக்கும் கோயில்கள் உண்டு. முதல் இரண்டு பகுதிகளின் முழுத் தொகையும் வங்கியில் சேர்ந்து, அனுமதி ஆணையும் கைக்கு வந்த பிறகே பாலாலயத்துக்கு நாள் பாருங்கள். கும்பாபிஷேகத் தேதியை முன்கூட்டியே குறித்து அழைப்பிதழ் அடித்துவிட்டால், யாகசாலைக்கும் பந்தலுக்கும் அன்னதானத்துக்கும் வண்ணத்துக்கும் பணம் ஓடி, மேல்தளம் அப்படியே நிற்கும். யாகசாலைச் செலவுக்குத் தனி உபயதாரரைப் பிடித்து, அந்தக் கணக்கைத் திருப்பணிக் கணக்கோடு கலக்காமல் வையுங்கள். ஒப்பந்தக்காரருக்கு அளவுப் புத்தகத்தில் அளந்து எழுதிய வேலைக்கு மட்டும் பணம் கொடுங்கள். அவர் தரும் ஒவ்வொரு பில் தொகையிலும் 5 சதவீதம் பிடித்துவைத்து, ஒரு மழைக்காலம் ஒழுகாமல் கழிந்தபிறகு விடுங்கள்.